சுங்கச் சுவருக்கு வெளியே: லா சப்பலும் பியரும்

பாரிஸ் மெத்ரோவின் 2ஆம் வழித்தடம் லா சப்பல் பக்கம் வரும்போது நிலத்தடியிலிருந்து மேலேறி, தூண்கள் தாங்கும் பாலத்தின்மீது ஓடுகிறது. முருங்கைக்காயும் கறித்தூளும் வாங்கவும், மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போகவும் தமிழர்கள் இறங்கும் நிலையம் அது. 1903இல் திறந்த அந்த நிலையமும் பாலமும் அதைவிடப் பழைய ஒரு கோட்டின்மேல் நிற்கின்றன. 1784இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் பாரிஸைச் சுற்றி எழுப்பிய சுங்கச் சுவர் இவ்வழியாகத்தான் போனது. நீளம் சுமார் 24 கிலோமீட்டர், உயரம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஒரு படையைத் தடுக்க அது போதாது. வைன் பீப்பாய் ஏற்றிவரும் வண்டிக்காரரைத் தடுக்கப் போதும், கட்டியதும் அதற்காகத்தான்.

நகருக்குள் போகும் வைன், இறைச்சி, விறகு எல்லாவற்றுக்கும் வாயிலில் வரி வாங்கினார்கள். வரி கட்டி உள்ளே போன வைன் விலை ஏறியது. சுவரைத் தாண்டி நூறடி நடந்தால் அதே வைன் மலிவு. பாரிஸின் கூலித் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சுவருக்கு வெளியே நடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சாப்பாடும் ஆட்டமும் மலிவான குடியும் சேர்ந்த ‘கங்கெத்’ என்னும் திறந்தவெளிக் குடிமனைகள் சுவரை ஒட்டிப் பெருகின. சாந்தெனி நகருக்குப் போகும் பழைய சாலையில், சுவருக்கு வெளியே இருந்த கிராமம் லா சப்பல். அதன் மேற்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்களும் காற்றாலைகளும் இருந்தன. அங்கே விளைந்த வெள்ளை வைனின் பெயரே அந்தக் குன்றுக்கும் நின்றுவிட்டது: குத் தோர், பொன் துளி.

1789 ஜூலையில் பாஸ்தில் கோட்டை விழுவதற்கு முந்தைய நாட்களில் மக்கள் முதலில் கொளுத்தியது இந்தச் சுங்கச் சாவடிகளைத்தான். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசும்போது இது அடிக்குறிப்பாகவே வந்துபோகிறது; முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. தப்பிய சாவடிக் கட்டடங்களில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். லா சப்பலிலிருந்து பாலத்தை ஒட்டிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ஸ்தாலின்கிராத் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் லெதூ வடிவமைத்த வட்டக் கட்டடம் நிற்கிறது. வரி வசூலித்த அந்த மண்டபத்தில் இப்போது உணவகம் நடக்கிறது.

இதுவரை சொன்னது வைனின் கதை. பியர் பாரிஸுக்குப் புதிதல்ல என்றாலும் இந்த நகரத்தின் மனம் அதில் எளிதாக ஒட்டியதில்லை. நான்காம் நூற்றாண்டில் லுத்தேசியா என்று அழைக்கப்பட்ட பாரிஸில் தங்கிப் படை நடத்திய ரோமானியர் ஜூலியன், பின்னாளில் பேரரசர் ஆனவர், பார்லிக் குடியைப் பழித்து ஒரு சிறு கவிதையே எழுதியிருக்கிறார். வைனில் அமுத மணம், இதில் ஆட்டு வாடை என்பது அதன் சாரம். ஆனால் நகரத்துச் சாதாரணர்கள் அந்தப் பார்லிக் குடியை விடவில்லை. 1268இல் பாரிஸின் நிர்வாகி எத்தியேன் புவாலோ நகரத் தொழில்களின் விதிகளைத் தொகுத்தபோது, செர்வுவாஸ் என்ற பியரைக் காய்ச்சுவோருக்கும் அதில் இடம் இருந்தது. தண்ணீரும் தானியமும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. காட்டுக்காய், மசாலா, பிசின் கலந்தால் தண்டம். ஜெர்மனியின் பவேரியா 1516இல் கொண்டுவந்த தூய்மைச் சட்டத்தை உலகமே அறியும். ஏறத்தாழ 250 ஆண்டு முந்தைய பாரிஸ் விதியை அறிந்தவர்கள் சிலரே. 1793 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயியைக் கொலைமேடைக்கு அழைத்துச் சென்ற தேசியக் காவல்படைத் தளபதி சாந்தேரும் பியர் ஆலை முதலாளிதான். சாந்த் அந்துவான் புறநகரில் ஆலை வைத்திருந்தவர், தொழிலாளர்களிடம் செல்வாக்குள்ளவர்.

லா சப்பலைப் புரட்டிப்போட்டது ரயில். கார் து நோர் 1846இல் திறந்தது, கார் து லெஸ்த் 1849இல். இரண்டு நிலையங்களிலிருந்து விரிந்த தண்டவாளங்களுக்கு நடுவே கிராமம் சிக்கிக்கொண்டது. தோட்டம் போய்ப் பட்டறை வந்தது. வேலை தேடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் குத் தோர் சரிவில் ஐந்து, ஆறு மாடி வாடகைக் கட்டடங்களில் அடைந்தார்கள். 1852இல் பாரிஸுக்கும் ஸ்த்ராஸ்பூருக்கும் இடையே ரயில் பாதை முழுமையானதும் அல்சாஸ் மாநிலத்துப் பியர் தலைநகருக்குள் வெள்ளமாக வந்தது. அதற்கு முன் பீப்பாய்கள் வண்டியில் நாட்கணக்கில் குலுங்கி, வெயிலில் புளித்து வந்து சேர்ந்தன. 1867 உலகக் கண்காட்சியில் வியன்னாவின் ட்ரேஹர் ஆலை தந்த குளிர்ந்த லாகர் பியரைப் பாரிஸ் மக்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். கெட்டியான, கலங்கிய, சீக்கிரம் புளித்துப்போகும் உள்ளூர்ப் பியருக்கு அன்றே கெடு வைத்தாயிற்று.

இதற்கிடையில் 1860 ஜனவரி 1 அன்று லா சப்பல் கிராமம் பாரிஸோடு இணைக்கப்பட்டது. சுங்க எல்லை வெளியே நகர்ந்தது, சுவர் இடிந்தது. மலிவான குடிக்காக வளர்ந்த ஊர், அந்த மலிவு போன பிறகும் குடிக்கடைகளோடு நின்றது.

1876ஆம் ஆண்டில் இரண்டு படைப்புகள் வெளிவந்தன. ஒன்று எமில் ஸோலாவின் ‘லாசொம்வார்’ நாவல், பத்திரிகையில் தொடராக. குத் தோர் தெருவில் சலவைக் கடை வைத்து முன்னுக்கு வரப் பார்க்கும் ஜெர்வேஸ் என்ற பெண், கணவனோடு சேர்ந்து குடியில் அழிவதே கதை. அவர்களை அழிப்பது வைனும் பியரும் அல்ல. மூலைக்கடையின் செம்புக் கருவி இரவும் பகலும் வடிக்கும் சாராயம். இந்தத் தெருக்களில் குடியின் சுவையைப் பற்றி எழுத வருகிற எவரும் அந்த நாவலைக் கடந்துதான் வர வேண்டும்.

மற்றது லூயி பாஸ்டரின் ‘பியர் பற்றிய ஆய்வுகள்’. 1870–71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று, அல்சாஸை இழந்தது. நல்ல பியர் காய்ச்சிய ஸ்த்ராஸ்பூரும் அதோடு போயிற்று. பான் பல்கலைக்கழகம் தந்திருந்த டாக்டர் பட்டத்தைத் திருப்பி அனுப்பிய பாஸ்டர், ஜெர்மன் பியரை மிஞ்சும் பியரைப் பிரான்ஸ் செய்ய வேண்டும் என்று களத்தில் இறங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘தேசப் பழிவாங்கலின் பியர்’. 1871இல் க்ளெர்மோன் நகருக்கு அருகில் ஷமாலியேரில் ஒரு சிறிய ஆலையில் ஆய்வைத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குப் போனார். அங்கே ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, எந்தத் தொட்டி கெட்டுப்போகும் என்று சொன்னார். ஒரு வாரத்துக்குள் மறுபடி போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கிவைத்திருந்தார்கள்.

அந்த நுண்ணோக்கி பியரின் தலையெழுத்தையே மாற்றியது. பியர் புளிப்பது தெய்வக் குற்றமோ காய்ச்சுபவரின் கைராசியோ அல்ல, வேண்டாத நுண்ணுயிர்கள் உள்ளே புகுவதுதான் என்று தெரிந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். குளிரூட்டும் இயந்திரமும் சேர்ந்துகொண்டது. ஆய்வகமும் இயந்திரமும் வைக்கப் பணம் உள்ளவர்களே நிலைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஏறக்குறைய 3,000 பியர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போரில், ஆக்கிரமித்த ஜெர்மன் படை வடக்கு மாவட்டங்களின் ஆலைகளிலிருந்து செம்புக் கொப்பரைகளைக் கழற்றிக்கொண்டு போனது. பல ஆலைகள் பிறகு எழவே இல்லை. பாரிஸுக்குள் இருந்தவற்றை நில விலையும் பெரிய நிறுவனங்களும் விழுங்கின. நகரின் 14ஆம் வட்டாரத்தில் 1890இல் தொடங்கிய காலியா ஆலை 1969இல் மூடியது. 1980களில் நாடு முழுவதும் எஞ்சியவை சில பத்து ஆலைகள்தாம்.

அதே 1980களில்தான் லா சப்பல் மறுபடி முகம் மாறியது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் கார் து நோருக்கும் லா சப்பலுக்கும் இடைப்பட்ட வாடகை மலிவான தெருக்களில் கடை போட்டார்கள். ஃபோபூர் சாந்தெனி, ரூ காய், ரூ பெர்தோனே, ரூ லூயி ப்ளாங் ஆகிய தெருக்களில் பலசரக்கும் புடவையும் நகையும் வந்தன. குளிர்பெட்டிகளில் லயன் பியர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் ஆங்கிலேயர் தொடங்கிய காய்ச்சலின் வாரிசு அது. அதன் கறுப்பு வகையான லயன் ஸ்டவுட்டில் மதுச்சத்து 8.8 விழுக்காடு. மைக்கேல் ஜாக்சன் என்ற பிரித்தானியப் பியர் எழுத்தாளர் (பாடகர் அல்லர்) உலகுக்கு எடுத்துச் சொன்ன பிறகு ஐரோப்பியச் சுவைஞர்களும் அதைத் தேடி வந்தார்கள். பிரான்ஸில் பியர் ஆலைகள் அருகிப்போன நாளில், இந்தத் தெருவில் ஒரு மலையகத்து ஸ்டவுட் கிடைத்தது என்பது சாதாரணச் செய்தியல்ல.

திருப்பம் ஓரங்களிலிருந்து வந்தது. 1985இல் பிரிட்டனி மாநிலத்தின் மொர்லே நகரில் கொரெஃப் என்ற சிற்றாலை ஆங்கிலேயர் முறையில் ஏல் காய்ச்சத் தொடங்கியது. 1993இல் பாரிஸின் ரூ சாந்தெனியில், வாடிக்கையாளர் கண்முன் காய்ச்சிக் கொடுக்கும் ஃப்ராக் பப் திறந்தது. 2006இல் சிற்றாலைகளின் பியரை மட்டும் விற்கும் ‘காவ் அ புல்’ கடை வந்தது. பின்பு 2012. அந்த ஆண்டு குத் தோர் தெருவிலேயே, ஜெர்வேஸின் சலவைக் கடையை ஸோலா வைத்த அதே தெருவில், தியெரி ரோஷ் ‘குத் தோர் பியர் ஆலை’யைத் தொடங்கினார்.

அவர் செய்ததில் முக்கியமானது, பியருக்குப் பக்கத்துத் தெருக்களின் பெயரை வைத்தது: மீர்ஹா, எர்னெஸ்தின், ஷாத்தோ ரூஜ். பெயரோடு நில்லாமல் அந்தத் தெருக்களின் கடைகளில் கிடைக்கும் பேரீச்சையும் மசாலாவும் கொப்பரைக்குள் போயின. புவாலோவின் 1268 விதிப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் மக்ரெபு நாட்டவரும் ஆப்பிரிக்கரும் தமிழரும் வாழும் இந்த வட்டாரத்தின் உண்மையான சுவைக்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. விலை ஏறிய தெருவில் வேறு ஊர்ச் சரக்கை விற்கும் கடையாக அது நின்றிருந்தால் எழுத ஒன்றுமில்லை.

அதன் பிறகு வேகம் பிடித்தது. பழைய பெயரில் ஏற்கெனவே மறுபிறவி எடுத்திருந்த காலியா, நகரெல்லைக்கு அப்பால் பாந்தேனில் காய்ச்சியது. பின்னர் ஹைனெகன் அதில் பங்கு வாங்கியது. மோந்த்ரேயில் டெக் அண்ட் டோனஹ்யூ, ரூ சேன் மோரில் பாப்பாப், லா வில்லெத் நீர்த்தேக்கத்தின் கரையில் பனாம் எனப் புதிய ஆலைகள் எழுந்தன. இன்று பிரான்ஸில் ஆலைகளின் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டிவிட்டது.

ஆலைகளுக்குப் பின்னால் சமையலறைகள் இருந்தன. சிற்றாலை வைத்தவர்களில் பலர் முதலில் வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பழகியவர்கள். பிரிட்டன் 1963இல் வீட்டுக் காய்ச்சலுக்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழி திறந்தது. பிரான்ஸில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் காய்ச்சலாம். விற்க நினைத்தால்தான் சுங்கத்துறைப் பதிவும் வரியும். பாஸ்டர் ஆலைகளுக்குக் கொடுத்த அறிவு, பதினோரு கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலமாகச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. பெரிய ஆலைகளை வளர்த்த அதே அறிவியல்தான் சிறிய அடுப்புக்கும் துணை நின்றது. பியரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் கடந்த நூறாண்டில் நடக்கவில்லை.

பாரிஸ் அடுக்ககம் ஒன்றின் சமையலறையில் இருபது லிட்டர் பியர் காய்ச்ச ஏறத்தாழ நாலரை கிலோ மால்ட் வேண்டும். மால்ட் என்பது முளைவிட்டு உலர்த்திய பார்லி. அதை மாவாக்காமல், உமி கிழியாமல் உடைக்க வேண்டும். பின்னால் வடிக்கும்போது அந்த உமியே வடிகட்டி. 66 பாகை வெந்நீரில் அதை ஒரு மணி நேரம் ஊறவிடுவார்கள். 75ஐத் தாண்டினால் நொதிகள் செத்துவிடும். 60க்குக் கீழே போனால் மந்தமாகும். முளையில் பிறந்த நொதிகள் மாச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு துளியை வெள்ளைத் தட்டில் வைத்து அயோடின் விடுவார்கள். கருநீலமானால் மாச்சத்து மிச்சம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் வடிக்கலாம்.

வடித்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். கசப்புக்கான ஹாப் பூ தொடக்கத்திலேயே போகும். மணத்துக்கானது கடைசி நிமிடங்களில். பிறகு சீக்கிரம் 20 பாகைக்கு ஆற்றி, ஈஸ்ட் தூவி, காற்றுப் போக மட்டும் வழிவிட்டு மூடினால் மறுநாளே குமிழி விடும். இரண்டு வாரத்தில் நொதித்து முடியும். போத்தலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்தால், மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று நுரைக்கான வாயுவைத் தரும். நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு அடைத்தால் போத்தல் வெடிக்கும். கண்ணாடித் துண்டுகள் சுவரில் தைக்கும் அளவுக்கு. பழகியவர்கள் காய்ச்சுவதைவிடக் கழுவுவதற்குத்தான் அதிக நேரம் செலவிடுவார்கள்.

பாரிஸின் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. தேநீர்க் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அந்த நீருக்கு வறுத்த மால்ட் போட்ட கறுப்புப் பியர் நன்றாக ஒத்துப்போகும். வெளிர் நிறப் பியருக்கு நீரைச் சரிசெய்தாக வேண்டும். பெல்ஜியத்தின் கோதுமைப் பியரில் தோடம்பழத் தோலோடு கொத்தமல்லி விதை போடுவார்கள். 1966இல் பியேர் செலிஸ் என்பவர் ஹூகார்டன் ஊரில் மீட்டெடுத்த வகை அது. அதற்குரிய மல்லியைத் தேடுபவருக்கு ரூ காயின் பலசரக்குக் கடைகளில் நல்ல சரக்கு இருக்கிறது. நம்மூர் மல்லி மொரோக்கோ மல்லியைப்போல் உருண்டையாக இராது, நீள்வட்டமாக இருக்கும். எலுமிச்சை மணம் கூடுதல். இருபது லிட்டருக்குப் பதினைந்து கிராம் எடுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் போட வேண்டும். தூளாகப் போட்டால் பியர் குழம்பாகிவிடும்.

தானியத்தை முளைவித்துக் குடி காய்ச்சும் வித்தை தமிழருக்கு அயலதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் நடக்கும் காய்ச்சலை ஒரு செய்முறையாகவே தருகிறார். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவிடுகிறார்கள். உரைகாரர்களின் விளக்கப்படி, இடித்த முளையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, தடித்த வாயுள்ள சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை விளையவைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். மாவுக்கு முளையின் நொதி, ஆறிய பிறகு கலத்தல், மூடிய பாண்டம், பொறுத்திருத்தல்: பாரிஸ் அடுக்ககத்தில் நடப்பதன் எலும்புக்கூடு இதில் முழுமையாக இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய தோப்பி என்ற நெல் மதுவையும் அதே பாட்டு சொல்கிறது. இந்த மரபு நம் பாடநூல்களில் சொற்பொருள் விளக்கமாகச் சுருங்கிப்போனது வருந்தத்தக்கது. தமிழ்நாட்டில் இன்று வீட்டில் காய்ச்சுவது குற்றம். கள் இறக்கவும் 1987 முதல் தடை.

யாழ்ப்பாணத்தில் கள்ளு நிற்கவில்லை. பனையேறும் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து கள்ளைத் தவறணைகள் என்னும் கள்ளுக்கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பெயர் பெற்றது. பனையேறுவது சாதி ஒடுக்குமுறையைச் சுமந்த தொழில். அந்த உழைப்பை மறைத்துவிட்டுக் கள்ளின் சுவையை மட்டும் பேசுவது நியாயமாகாது. கள்ளுக்குப் பியரைவிட ஒரு சங்கடம் அதிகம். முட்டியில் சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். அன்று மாலையே புளிப்பேறும், இரண்டு நாளில் வினாகிரி. கடல் கடந்து அனுப்ப வேண்டுமானால் நொதித்தலை நிறுத்தியாக வேண்டும். அதற்குப் போத்தலில் அடைத்து, கொதிக்கவிடாமல் அளவாகச் சூடேற்றுகிறார்கள். பாரிஸின் ரூ தூல்ம் ஆய்வகத்தில் 1860களில் வைனுக்காகவும் பின்னர் பியருக்காகவும் பாஸ்டர் வகுத்த முறை அது. அந்தச் சூட்டில் கள்ளின் துள்ளல் கொஞ்சம் குறைகிறது என்பார்கள் தவறணையில் குடித்துப் பழகியவர்கள். வீட்டில் காய்ச்சிப் பழகும் புதிய தலைமுறைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: லா சப்பல் கடைகளில் விற்கும் பனங்கட்டியை உடைத்து, கறுப்புப் பியரின் கொதியில் கடைசிப் பத்து நிமிடத்தில் கரைப்பது. அதன் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். புகையும் மண்ணும் கலந்த மணம் போத்தலில் தங்கும்.